காயலாங்கடைக்குப் போகவிருந்த வண்டி

சின்னக்கருப்பனின் உளுந்தில் கல் இருக்காது. இதை அவர் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை, கோவில்பட்டியில் தவசதானியம் வாங்குகிற கடைக்காரர்களே சொல்லுவார்கள். மற்றவர்கள் மூட்டையை அவிழ்த்தால் முழங்கை வரை உள்ளே விட்டு அளைந்து, மண்ணைக் காட்டி, பொக்கு மணியைக் காட்டி, விலையில் ஒரு பிடி பிடிப்பார்கள். சின்னக்கருப்பன் மூட்டை என்றால் மேலாக ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமா அடுக்குங்க அண்ணாச்சி" என்பதோடு சரி.

இத்தனைக்கும் அவர் உளுந்து அடிப்பது தார் ரோட்டில்தான். ஊரே அங்கேதான் அடிக்கிறது. பசுவந்தனையைத் தாண்டி உள்ளே போகிற அந்த ரோட்டில் தை பிறந்துவிட்டால் தார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பிடுங்கிக் காயவைத்த உளுந்தஞ்செடியைப் பரப்பி விட்டால் மினி பஸ் மிதிக்கும், காற்றாலைக்குப் போகிற லாரி மிதிக்கும், மில் வேன் மிதிக்கும். மனுஷன் கம்பெடுத்து நாள் முழுக்க அடிக்க வேண்டியதை ஊர் பேர் தெரியாத டிரைவர்கள் கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். செடி ஓரத்துக்கு ஒதுங்கிவிடாமல் இரண்டு பக்கமும் கல் வைப்பது வழக்கம். யாருக்கு ரோட்டில் எந்த இடம் என்பதும் ஊருக்குள் முடிவாகிப்போன சங்கதி, பட்டா மட்டும்தான் கிடையாது. வருஷா வருஷம் ஒரு ஜீப் வந்து, ரோட்டில் காயப்போடக் கூடாது என்று மைக்கில் சொல்லும். ஜீப் போவதற்குச் செடியை ஒதுக்கி வழிவிடுவார்கள். ஜீப் போனதும் திரும்பப் பரப்புவார்கள்.

இதில் சின்னக்கருப்பனின் தனித்திறமை வாரியலில் இருந்தது. பரப்புவதற்கு முன்னால் தன் பங்கு ரோட்டை ஒரு தரம் கூட்டுவார். செடியை உதறி எடுத்த பிறகு ஒரு தரம் கூட்டுவார். குவித்த பிறகு குவியலைச் சுற்றி ஒரு தரம். ஈர்க்குச்சி தேய்ந்து கட்டையான வாரியலைக் கூடத் தூக்கிப் போடமாட்டார், அது மூலைக்கு ஆகும் என்பார். "சோறு தின்ன தட்டையும் வாரியல வச்சித்தான் கூட்டுவாவ" என்று அவர் பெண்டாட்டி வெயிலம்மாள் வருகிற போகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். தரையில் ஒன்று சிந்தியிருந்தால் அதைத் தாண்டிப் போக அவரால் முடியாது. யோசிக்கும் முன்னால் கை அதற்குப் போய்விடும்.

அந்தக் கைதான் அவருக்கு வினையாகப் போய்விட்டது.

இந்தத் தையில் அவருக்குச் செடி பிடுங்கப் பிந்திவிட்டது. ரோட்டில் நேரான இடத்தையெல்லாம் முந்திக்கொண்டவர்கள் பிடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள வளைவு. "வளவுல பரப்பாதீங்க, வாரவன் கண்ணுக்குத் தெரியாது" என்று வெயிலம்மாள் சொன்னாள். "ஒரு நாள் சோலிதானட்டி" என்றார் சின்னக்கருப்பன். அந்த ஒரு நாளிலும் வேலை முடியவில்லை. சாயந்தரம் மேகம் கூடிற்று. மழை வந்தால் மூட ஒரு தார்ப்பாய் வேண்டும். அவருடைய தார்ப்பாயை மகள் வீட்டு ஓடு ஒழுகியபோது கொடுத்திருந்தார். மருமகனுக்குப் போன் போட்டார். "மாப்பிள்ள, நம்ம தார்ப்பாய் அங்கனதான கெடக்கு? காலைல வரப்ப கொஞ்சம் கொண்டாங்க."

மருமகன் சக்திகுமாருக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. ராத்திரி தண்டவாளத்தோடு நடந்து, எங்கேயாவது விரிசல் இருக்கிறதா, எதுவும் கழன்றிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அமைதியான பையன். மாமனார் ஒரு வார்த்தை சொன்னால் தட்டமாட்டான். டூட்டி முடிந்ததும் தூங்கக்கூடப் போகாமல் தார்ப்பாயைத் தன் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ராத்திரி மழை வரவில்லை, பனிதான் இறங்கிற்று. செடியை அள்ளாமல் ரோட்டிலேயே விட்டிருந்தார் சின்னக்கருப்பன். நனைந்த உளுந்தஞ்செடி வழுக்கும் என்று அந்த ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும் என்று நினைத்தார். வெயிலம்மாள் கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் புஞ்சைக்குள் நின்று மிச்சச் செடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது தகரத்தைத் தரையில் போட்டு இழுத்தது போலச் சத்தம் கேட்டது.

ஓடிவந்தார். பரப்பிய செடி நடுவில் ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. ஓரத்துக் கல்லில் இடித்த வண்டி ஓடைக்குள் இறங்கிக் கருவேலம் புதருக்குள் போய்விட்டிருந்தது. அதன் பின்சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் ஓடைச் சரிவில் குப்புறக் கிடந்தான். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முனகல் கேட்டது.

முனகல் கேட்டது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சின்னக்கருப்பன் தனக்குத்தானே இதைப் பல விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். செத்துப்போய்விட்டான் என்று நினைத்தேன் என்று ஒரு விதம். எதுவுமே காதில் விழவில்லை, பயத்தில் காது அடைத்துவிட்டது என்று இன்னொரு விதம். எந்த விதத்தில் சொன்னாலும், முனகல் கேட்கத்தான் செய்தது.

பக்கத்து ஊரில் இதே மாதிரி விழுந்த ஒருவனின் ஆட்கள் கேஸ் கொடுத்து, கம்பங்கதிர் பரப்பியவரை ஸ்டேஷனில் உட்கார வைத்தது அவர் நினைவுக்கு வந்தது. யாரோ வேற்றூர்க்காரன் என்று நினைத்தார். கை வாரியலுக்குப் போனது.

முதலில் கல்லையெல்லாம் ஓடைக்குள் உருட்டிவிட்டார். செடியைக் கை நிறைய வாரி வாரிப் புஞ்சைக்குள் எறிந்தார். அப்புறம் கூட்டினார். அள்ளியதோடு விட்டிருக்கலாம், ஆனால் கூட்டினார். உதிர்ந்த மணி, நெற்றுத் தோடு, தூசி எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தார் கறுப்பாகத் தெரிகிற மாதிரி கூட்டி முடித்துவிட்டுத்தான், "ஐயையோ, யாராவது ஓடி வாங்களேன்" என்று சத்தம் போட்டார்.

சத்தம் போட்டுக்கொண்டே ஓடைக்குள் இறங்கினார். அவனைப் புரட்டுவதற்கு முன்பே, முள்ளில் மாட்டிக் கிழிந்து தொங்கிய தார்ப்பாயைப் பார்த்துவிட்டார். மூலையில் வெயிலம்மாளின் பழைய சேலைக்கரையை வைத்துத் தைத்த ஒட்டு இருந்தது. ஹெல்மெட்டுக்குள் யார் முகம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதைக் கழற்றக் கை வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எல்லாரும் செய்கிறதுதான். ஆம்புலன்ஸ் வந்தது. தூத்துக்குடிக்குக் கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்தார்கள். தலையில் அடி பெரிதாக இல்லை என்றார்கள், ஆனால் அன்று காலை நடந்தது சக்திகுமாருக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. பசுவந்தனை தேர் நிலையைத் தாண்டியது வரைக்கும் தெரிந்தது. அதற்கு மேல் ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் அந்த வளைவில் நின்று மேலும் கீழும் பார்த்தார். "ரோடு தொடச்சி வச்ச மாதிரில்லா கெடக்கு. பிரேக் அடிச்ச தடங்கூட இல்ல. எப்படி விழுந்தாரு?" என்று கேட்டார். "நாயி குறுக்க வந்துட்டு சார்" என்றார் சின்னக்கருப்பன். வாயில் வந்த முதல் பொய் அது. நாய்க்கு வாயில்லை, அதனால் அந்தப் பொய் நின்றுவிட்டது.

வெயிலம்மாளுக்கு இதில் பாதி தெரியும். ரோட்டில் செடி கிடந்தது அவளுக்குத் தெரியும், அவளும் சேர்ந்து பரப்பியதுதானே. மகளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஊருக்கும் அந்தப் பாதி தெரியும். எல்லார் வீட்டுச் செடியும் ரோட்டில் கிடந்தபடியால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மிச்சப் பாதி, அதாவது எதை முதலில் செய்தார் என்பது, அவர் ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தது. டாக்டர்கள் யாரும் இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இல்லை. அந்த வருஷம் உளுந்தை மூட்டை கட்டியபோது கையில் எடுத்துப் பார்த்தார். கல்லே இல்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். வெயிலம்மாள், மருமகனை நினைத்து அழுகிறார் என்று தேற்றினாள்.

மாசி கடந்து பங்குனியும் வந்தது. வண்டி கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டோரம் இருக்கிற அழகிரிசாமி ஒர்க்ஷாப்பில் கிடந்தது. சக்திகுமார் எப்போதும் வண்டியை விடுகிற இடம் அதுதான். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஆள் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். சரி பண்ணுகிற செலவு வண்டியின் பெறுமானத்தைத் தாண்டுகிறது, எங்கள் கணக்கில் இது வண்டியே இல்லை என்று எழுதிவிட்டார். வண்டியை அப்படியே கம்பெனிக்கு விட்டுவிட்டால் அவர்கள் காயலாங்கடைக்குத் தள்ளிவிட்டு இன்சூரன்ஸ் பணத்தை முழுசாகத் தருவார்கள். வேண்டுமானால் காயலாங்கடை விலை கழித்து மிச்சத்தை வாங்கிக்கொண்டு வண்டியை நாமே வைத்துச் சரி பண்ணிக்கொள்ளலாம். எது என்று சீக்கிரம் சொல்ல வேண்டும்.

மகள் அமுதவள்ளி அப்பாவுக்குப் போன் போட்டாள். "நீங்கதாம்ப்பா சொல்லணும். இவிய வண்டியே வேண்டாங்காவ. நான் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாவ. நீங்க ஒரு வார்த்த சரி பண்ணுங்கன்னு சொல்லிட்டா கேப்பாவ."

அந்த வண்டி போய்த் தொலைந்தால் போதும் என்று சின்னக்கருப்பன் கும்பிடாத சாமி இல்லை. அதைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். செடி பரப்பிய ரோட்டில் ஓடிய எந்த வண்டியும் சும்மா போவதில்லை, சக்கரத்தில், செயினில் ஒரு பிடி சுற்றிக்கொண்டு போகும். அழகிரிசாமி ஒரு ஆணியைத் திருகினால் தன் உளுந்து வந்து விழும் என்று அவர் ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தார். அதுபோக, சரியாகித் திரும்ப வந்தால் அந்த வண்டி வாரந்தோறும் அவர் வாசலில் வந்து நிற்கும்.

"ராசியில்லாத வண்டிம்மா. காயலாங்கடைக்கே போகட்டும்" என்றார்.

"நீங்களுமாப்பா?" என்று அமுதவள்ளி போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கருப்பட்டியும் முருங்கைக்காயும் எடுத்துக்கொண்டு மணியாச்சிக்குப் போனார். சக்திகுமார் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மெலிந்து போயிருந்தான். வண்டிப் பேச்சை அவனே எடுத்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி மாமா. எனக்கு இனிமே வண்டி ஒத்து வராது."

"ஏன் மாப்பிள்ள அப்படிச் சொல்லுதீங்க? கால் சரியாயிட்டா..."

"காலுக்காக இல்ல மாமா." சுவரைப் பார்த்துச் சொன்னான். "நான் ஒறங்கிட்டேன். வண்டி ஓட்டிக்கிட்டே ஒறங்கியிருக்கேன். பிரேக் அடிச்ச தடமே இல்லன்னு அந்தப் போலீஸ்காரர் எங்கிட்டயும் சொன்னாரு. முழிச்சிருக்கவன் பிரேக்க அமுக்காம இருப்பானா?"

"நாயி வந்துட்டுன்னு சொன்னேம்லா."

சக்திகுமார் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஏன் என்று சின்னக்கருப்பனுக்குப் பிடிபடவில்லை.

"எனக்கு வண்டி போனது பெருசில்ல மாமா. ரயிலு போற தண்டவாளத்துல நடக்குத சோலி. நான் பாத்து, சரியா இருக்குன்னு சொன்னாத்தான் அதுல ஆயிரம் பேரு போவாவ. ரோட்டுல ஒறங்குதவன் அங்கன ஒறங்க மாட்டான்னு என்ன நிச்சயம்? ராத்திரி டூட்டி எனக்கு ஒத்துக்கிடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிரலாம்னு இருக்கேன். என்னய நெனச்சா எனக்கே கூச்சமா இருக்கு."

அமுதவள்ளி அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உண்மையைச் சொல்லத்தான் சின்னக்கருப்பன் வாயைத் திறந்தார். "கருப்பட்டி நல்ல சரக்கு. வெறும் வயித்துல காப்பி போட்டுக் குடிங்க" என்று சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தன்னைத்தானே கேவலமான வார்த்தைகளால் திட்டிக்கொண்டு வந்தார். வேறு யாரையும் அவர் அப்படித் திட்டியதில்லை.

வண்டியைக் கம்பெனிக்கு விடுகிற நாளில் சக்திகுமார் தானும் வருவதாகச் சொல்லிவிட்டான். கடைசியாக ஒரு தரம் பார்க்க வேண்டுமாம். மணியாச்சியில் ரயிலேறிக் கோவில்பட்டியில் இறங்கினார்கள். கக்கத்தில் கட்டை ஒரு பக்கம், மாமனார் தோள் ஒரு பக்கம். சின்னக்கருப்பன் ஊரிலிருந்து முந்தின நாளே போய் மகள் வீட்டில் தங்கி, அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ரயில் ஏறும்போதும் ஆட்டோவில் ஏறும்போதும் அவன் தன் முழு பாரத்தையும் அவர் தோளில் போட்டான். ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அந்த பாரம் அழுத்த அழுத்த அவருக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது.

ஒர்க்ஷாப்பில் வேப்பமரத்தடியில் வண்டி சாய்ந்து நின்றது. முன்சக்கரம் நெளிந்து, ஹேண்டில்பார் ஒரு பக்கம் திருகி, டேங்கில் ஓடைக்கல் பதிந்த பள்ளம். கம்பெனி அனுப்பிய காயலாங்கடை வண்டி இன்னும் வரவில்லை. அழகிரிசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு அந்த வண்டியை விட மனசே இல்லை.

"அவிய கணக்கு அவியளுக்கு. நான் வண்டியப் பாத்துச் சொல்லுதேன் தம்பி. சேஸ் நெளியல. ஃபோர்க் போச்சு, வீலு போச்சு, டேங்கு போச்சு, அதெல்லாம் மேல்வேல. இன்சினு கல்லு கணக்கா இருக்கு. இங்கன பாருங்க" என்று பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். கால் சுற்று சுற்றி நின்றுவிட்டது. "என்னவோ மாட்டிக்கிட்டுக் கெடக்கு. இருங்க."

"வேண்டாம் அண்ணாச்சி, போற வண்டிதான்" என்றார் சின்னக்கருப்பன். குரல் அவருக்கே வேறு யார் குரலோ போல இருந்தது.

அழகிரிசாமி அதற்குள் செயின் கவரைக் கழற்றிவிட்டார். உள்ளிருந்து பொதியாகச் சருகு வந்து விழுந்தது. காய்ந்த உளுந்தங்கொடி, உடைந்த நெற்று, கூடவே கறுப்பாக ஒரு பிடி உளுந்து. தரையில் சிதறி உருண்டது. சின்னக்கருப்பன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ம், இதுதானா" என்று அழகிரிசாமி காலால் அதைத் தள்ளிவிட்டார். "தை மாசம் இங்கன வார வண்டில முக்காவாசி இப்படித்தான். செயின்ல உளுந்து, சக்கரத்துல கம்பு. நான் சேத்து வச்சிருந்தேன்னா வீட்டுக்குத் தோசைக்கு ஆயிருக்கும்." திரும்பச் சக்கரத்தைச் சுற்றினார். அது தங்குதடையில்லாமல் ஓடிற்று.

அவ்வளவுதான். இத்தனை நாளாக நினைத்து நினைத்துப் பயந்தது இரண்டு வார்த்தையில் முடிந்து, காலால் ஓரம் தள்ளப்பட்டுவிட்டது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னக்கருப்பனுக்கு மூச்சு வந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டார்.

சக்திகுமார் ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அழகிரிசாமி டீ சொல்ல எதிர்க்கடைக்குப் போனார். அப்போது அவன் தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னான்.

"மாமா, நாய் ஒண்ணும் வரலைன்னு எனக்குத் தெரியும்."

சின்னக்கருப்பன் தரையில் சிதறிக் கிடந்த உளுந்தைப் பார்த்தார்.

"ஒறங்கி விழுந்தான்னு வெளியில தெரிஞ்சா வேலைக்கு எதும் வந்துருமோன்னுதான போலீஸ்ட்ட அப்படிச் சொன்னீங்க. எனக்காகப் பொய் சொல்லியிருக்கீங்க. ஒங்க சொந்த மகன்னாக்கூட இவ்வளவு செய்வீங்களா தெரியல. இத எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் இத்தன நாளா..." மேலே சொல்ல முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஊர் முழுக்க நின்று காறித் துப்பியிருந்தால் கூட அவர் தாங்கியிருப்பார். அந்தக் கும்பிட்ட கையைப் பார்க்க முடியவில்லை. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கும்பிடாதீங்க மாப்பிள்ள. நீங்க ஒறங்கல." வார்த்தை தடுக்கித் தடுக்கி வந்தது. "இந்தா கெடக்குல்லா, இது நம்ம உளுந்து. வளவுல பரப்பிப் போட்டிருந்தேன். பனில நனைஞ்சி கெடந்துது. அதுலதான் வழுக்கிட்டு. நாயும் இல்ல, ஒறக்கமும் இல்ல. நான் வச்ச கல்லுதான் இடிச்சிருக்கு."

சக்திகுமார் அவரையே பார்த்தான். தரையில் கிடந்த சருகைப் பார்த்தான். திரும்ப அவரைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகத்தில் ரத்தம் ஊறுவது தெரிந்தது.

"நான் ஒறங்கலியா?"

"இல்ல மாப்பிள்ள. சத்தியமா இல்ல."

"செடில பிரேக் அடிச்சாத் தடம் விழாதுல்லா." அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அட மாமா! இதுக்குப் போயா இவ்வளவு நாளு மறச்சிக்கிட்டுக் கெடந்தீங்க? யாருதான் ரோட்டுல போடல? எங்க ஐயா போடாத கம்பா? சொல்லியிருந்தா நான் நிம்மதியாக் கெடந்திருப்பேன்லா. ராத்திரி எத்தன தடவ நானே என்னயக் கிள்ளிப் பாத்திருக்கேன் தெரியுமா?"

மன்னித்துவிட்டான். ஒரு நொடியில், சிரித்துக்கொண்டே. டீயோடு வந்த அழகிரிசாமியிடம், "அண்ணாச்சி, வண்டி போகல. காயலாங்கடைக்காரருட்ட வேண்டாம்னு சொல்லிருங்க. ஃபோர்க் எத்தன நாள்ல வரும்?" என்று கேட்டான். குரலில் பழைய சக்திகுமார் இருந்தான். அமுதவள்ளிக்குப் போன் போடப் பாக்கெட்டைத் தடவினான். சின்னக்கருப்பன் டீ கிளாசைப் பிடித்தபடி நின்றார். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், இதற்கு மேல் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

போனைக் கையில் எடுத்தவன் எதையோ நினைத்து நின்றான். தண்டவாளத்தில் விரிசல் தேடுகிற கண், எதையும் அப்படியே விடாது.

"ரோடு தொடச்சி வச்ச மாதிரி கெடந்ததுன்னுல்லா போலீஸ்காரர் சொன்னாரு. செடிய யாரு மாமா அள்ளுனா?"

"நான்தான்."

"எப்போ?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். சின்னக்கருப்பனுக்கு ஆம்புலன்ஸ் போன பிறகு என்று ஒரு பதில் கையருகிலேயே இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான்.

"ஒங்களத் தூக்குததுக்கு முன்னால" என்றார்.

அழகிரிசாமி டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"நீங்கன்னு தெரியாது மாப்பிள்ள. ஹெல்மெட் இருந்துது. குப்புறக் கெடந்தீங்க. யாரோன்னு நெனச்சேன். முனகுனது கேட்டுது. கேட்டுக்கிட்டேதான் கூட்டுனேன். முழுக்கக் கூட்டி முடிச்சிட்டுத்தான் எறங்குனேன்."

சக்திகுமார் கையில் இருந்த போனைப் பாக்கெட்டில் போட்டான். கீழே கிடந்த உளுந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாரோன்னு நெனச்சி" என்று ஒரு தரம் முணுமுணுத்தான். அதில் கேள்வி இல்லை.

பிறகு அழகிரிசாமியைப் பார்த்து, "டேங்குக்கு அதே கறுப்புப் பெயின்ட் அடிச்சிருங்க அண்ணாச்சி" என்றான். கட்டையை ஊன்றித் தானாக எழுந்தான். சின்னக்கருப்பன் வழக்கம் போல அருகில் போய்த் தோளைக் கொடுத்தார். அவன் வண்டியின் சீட்டைப் பிடித்தான், அப்புறம் வேப்பமரத்தை, அப்புறம் சுவரை. அப்படியே ஆட்டோ வரைக்கும் போய்விட்டான். ஆட்டோவில் சின்னக்கருப்பனுக்கு அழுகை வந்தது. அழ உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டார்.

ஸ்டேஷனில் சாயந்தர ரயில் வந்து நின்றது. அந்தப் படியில் அவனால் ஒற்றைக்காலில் ஏற முடியாது. கம்பியைப் பிடித்து ஒரு தரம் முயன்றான், முடியவில்லை. இன்னொரு தரம் முயன்றான். உள்ளே நின்ற ஒருத்தர், "பெரியவரே, சும்மா நிக்கீங்களே, ஒரு கை குடுத்து ஏத்தி விடுங்க" என்றார்.

சக்திகுமார் கையைப் பின்னால் நீட்டி மாமனாரின் தோளில் வைத்தான். காலையில் அந்தத் தோளில்தான் முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்து வந்தான். இப்போது படியில் ஏறி உள்ளே போகும் வரை அந்தக் கை அவர் தோளில் இருந்தது. அதில் ஒரு துளி பாரம்கூட இல்லை.